பேய் எப்ப வரும்?

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரம். 2018 ஏப்ரல் 25. அன்சாக் தினம் என்பதால் அங்கே விடுமுறை. இன்னலூ என்ற புறநகர்ப் பகுதியில் ஒரு தியேட்டரில், 'பீட்டர் ராபிட்' படம் பார்க்கக் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து உட்கார்ந்திருந்தன. முயல் வரும் என்று காத்திருந்தவர்களுக்குத் திரையில் வந்தது 'ஹெரெடிட்டரி' என்ற பேய்ப்படத்தின் டிரெய்லர். செத்த பறவையின் தலையைக் கத்தரிக்கோலால் நறுக்கும் சிறுமி, வகுப்பறை மேசையில் தன் முகத்தைத் தானே மோதிக்கொள்ளும் பையன்... நிறுத்தச் சொல்லிப் பெற்றோர் கூச்சல் போட்டார்கள். பிள்ளையின் கண்ணைப் பொத்துவதா, காதைப் பொத்துவதா என்று தெரியாமல் தவித்தார்கள். சிலர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியேவிட்டார்கள்.

ஆறு வாரம் கழித்து, ஜூன் 8-ம் தேதி, அந்தப் படம் அமெரிக்காவில் ரிலீஸ் ஆனது. டிரெய்லரைப் பார்த்து மிரண்டு, காசு கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்த பெரியவர்கள் முதல் நாள் அதற்குக் கொடுத்த கிரேடு: டி பிளஸ். பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டாக இருந்தால், அப்பாவிடம் கையெழுத்து வாங்கவே நடுங்க வேண்டிய கிரேடு அது.

இத்தனைக்கும் விமர்சகர்களில் பத்துக்கு ஒன்பது பேர் படத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியிருந்தார்கள். ஜனவரியில் சன்டான்ஸ் விழாவில் திரையிட்டபோதே, இந்தத் தலைமுறையின் மிகப் பயங்கரமான படம் என்ற பேச்சு கிளம்பிவிட்டது. தாயாக நடித்த டோனி கொலெட்டுக்கு ஆஸ்கர் நிச்சயம் என்றுகூட ஆருடம் சொன்னார்கள் (நாமினேஷன்கூட வரவில்லை என்பது தனிக்கதை). அப்படியானால் அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி தியேட்டருக்குப் போனவர்களுக்கு என்னதான் ஆனது?

ரசனை இல்லாத கூட்டம் என்று ஒரே வரியில் தள்ளிவிடலாம். பலர் அப்படித்தான் தள்ளினார்கள். அது சோம்பேறித்தனமான பதில்.

வாசலில் ஒரு அட்டை

அந்த டி பிளஸ் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். சினிமாஸ்கோர் என்பது லாஸ் வேகஸைச் சேர்ந்த ஒரு நிறுவனம். 1970-களின் கடைசியில் எட் மின்ட்ஸ் என்பவர் ஆரம்பித்தது. எழுத்தாளர் நீல் சைமனின் ரசிகரான இவர், சைமன் எழுதிய 'தி சீப் டிடெக்டிவ்' படத்துக்கு ஆசையாகப் போய் ஏமாந்து திரும்பினார். விமர்சகர் சொல்வது இருக்கட்டும், காசு கொடுத்துப் பார்த்தவன் என்ன சொல்கிறான் என்று கேட்டால் என்ன என்று தோன்றியது. அதுவே தொழிலானது.

முறை ரொம்ப எளிமை. ரிலீஸ் அன்று, தேர்ந்தெடுத்த ஊர்களில் சில தியேட்டர்களில் ஆட்கள் நின்று பார்வையாளர்களிடம் ஒரு சின்ன அட்டையைக் கொடுப்பார்கள். வயது என்ன, ஆணா பெண்ணா, எதற்காக இந்தப் படத்துக்கு வந்தீர்கள், படத்துக்கு என்ன கிரேடு கொடுப்பீர்கள் என்பது போலச் சில கேள்விகள். ஏ பிளஸில் தொடங்கி எஃப் வரை கிரேடு. முதல் நாளே ஓடிவருகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் படத்தை விரும்பத் தயாராக வருகிறவர்கள். அதனால் மசாலாப் படங்கள்கூட சாதாரணமாக ஏ, பி வாங்கிவிடும். டி என்பது, விரும்ப வந்தவர்களே வெறுத்துவிட்டுப் போனதற்கு அடையாளம்.

பேய்ப்படங்களுக்கு இந்த அட்டையில் எப்போதுமே கஷ்டகாலம்தான். 2013-ல் 'தி கான்ஜுரிங்' ஏ மைனஸ் வாங்கியதை ஹாலிவுட்டில் ஒரு சாதனையாகவே பேசினார்கள். அதில் கதவு அறைந்து சாத்தும், அலமாரி மேலிருந்து உருவம் பாயும், கடைசியில் பேய் விரட்டப்பட்டுக் குடும்பம் பிழைக்கும். வந்தவர்களுக்கு வாங்கிய டிக்கெட்டுக்கு ஈடு கிடைத்தது. மெதுவாக, கண்ணுக்கு அழகாக, பதில் சொல்லாமல் முடிகிற பேய்ப்படங்களுக்கோ வரிசையாக அடி. 2016-ல் 'தி விட்ச்' சி மைனஸ். 2017-ல் 'இட் கம்ஸ் அட் நைட்' டி. அதே ஆண்டு டேரன் அரோனாஃப்ஸ்கியின் 'மதர்!' நேராக எஃப். 2018-ல் 'ஹெரெடிட்டரி'. 2019-ல் அதே இயக்குநர் ஆரி ஆஸ்டரின் 'மிட்சோமர்' சி பிளஸ்.

கண்ணை மூடித் திறப்பதற்குள்

இந்த வரிசையில் 'தி விட்ச்' படத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஏனென்றால் விமர்சகர்களுக்கும் பார்வையாளர்களுக்கும் இடையிலான சண்டை முழுவதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

1630-களின் நியூ இங்கிலாந்து. மதப் பிடிவாதத்தால் குடியிருப்பிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு குடும்பம், காட்டின் ஓரத்தில் தனியாக வீடு கட்டி, சோளம் விதைத்து வாழப் பார்க்கிறது. மூத்த மகள் தாமசின், கைக்குழந்தையான தம்பியைத் தரையில் துணி விரித்துப் போட்டு விளையாட்டுக் காட்டுகிறாள். இரண்டு கையாலும் முகத்தை மூடுகிறாள், திறக்கிறாள், குழந்தை சிரிக்கிறது. மறுபடி மூடுகிறாள், திறக்கிறாள், சிரிக்கிறது. இன்னொரு முறை திறக்கும்போது துணி இருக்கிறது, குழந்தை இல்லை. சற்றுத் தள்ளிக் காடு. இசை வெடிக்கவில்லை, எந்த உருவமும் பாயவில்லை. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே இது நடந்துவிடுகிறது. அதற்குப் பிறகு சோளம் அழுகுகிறது, ஒரு வெள்ளிக் கிண்ணம் காணாமல் போகிறது, அம்மா மகளைச் சந்தேகிக்கிறாள், இரட்டைக் குழந்தைகள் கறுப்பு ஆட்டுக்கிடாவோடு ரகசியம் பேசுகிறார்கள். சூனியக்காரியைவிட அந்த வீட்டுக்குள் ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டும் பேச்சுதான் அதிகம் பயமுறுத்துகிறது.

இயக்குநர் ராபர்ட் எகர்ஸுக்கு இது முதல் படம். அதற்கு முன் அவர் கலை இயக்கம், உடை வடிவமைப்பு என்று இருந்தவர். அது ஒவ்வொரு ஃபிரேமிலும் தெரியும். கனடாவின் ஆன்டாரியோ மாகாணத்தில், கையோஸ்க் என்ற கைவிடப்பட்ட பழைய மரம் அறுக்கும் ஊரில் வீடு கட்டிப் படம் பிடித்தார்கள். ஒளிப்பதிவாளர் ஜாரின் பிளாஷ்கே பகலில் மேகமூட்டமான வெளிச்சத்தையும், இரவில் மெழுகுவத்தியையும் வைத்தே பெரும்பாலும் ஒப்பேற்றினார். இப்போதைய படங்கள் மாதிரி அகலமாக விரியாமல், 1.66 என்ற சற்று உயர்ந்த சட்டகத்தைத் தேர்ந்தெடுத்தார். மரங்கள் தலைக்கு மேல் நெடுநெடுவென்று நிற்கின்றன. வீட்டுக்குள்ளோ கூரை தலையில் இடிப்பது போல இருக்கிறது. வசனத்தில் பெரும்பகுதி அந்தக் காலத்து நாட்குறிப்புகள், நீதிமன்ற ஆவணங்களிலிருந்து எடுத்தது என்று படத்தின் முடிவில் எழுத்துப் போடுகிறார்கள். ஆட்டுக்கிடாவும் அசல்தான். சார்லி என்ற அந்தக் கிடா முட்டியதில் அப்பாவாக நடித்த ரால்ஃப் ஐனெசனுக்கு விலாவில் அடி. நடிகர்களிலேயே சொல் பேச்சுக் கேட்காதது அதுதான் என்று பேட்டிகளில் படக்குழு புலம்பியது.

சுமார் 40 லட்சம் டாலரில் எடுத்த படம் சன்டான்ஸில் சிறந்த இயக்கத்துக்கான விருது வாங்கியது. பயமுறுத்துவதையே தொழிலாகக் கொண்ட ஸ்டீபன் கிங், இந்தப் படம் தன்னைக் கதிகலங்க வைத்ததாக ட்விட்டரில் எழுதினார். 'சாட்டானிக் டெம்பிள்' என்ற அமைப்பு படத்துக்கு ஆதரவு தெரிவித்துத் தனிக் காட்சிகள் வேறு நடத்தியது. இதைவிட விளம்பரம் வேண்டுமா? ஏ24 நிறுவனம் 2016 பிப்ரவரியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தியேட்டர்களில் ஒரே நேரத்தில் இறக்கியது.

வினை அங்கேதான். இப்படிப்பட்ட படங்கள் அதுவரை பெரிய ஊர்களில் நாலைந்து தியேட்டர்களில் தொடங்கி, பேச்சு பரவப் பரவ மெல்ல விரியும். தேடி வருகிறவர்கள்தான் முதலில் பார்ப்பார்கள். இரண்டாயிரம் தியேட்டர் என்றால் ஷாப்பிங் மால்களுக்கெல்லாம் போய்விட்டது என்று அர்த்தம். டிரெய்லரோ ஒன்றரை மணி நேரப் படத்தில் இருக்கும் பயங்கரத்தையெல்லாம் இரண்டே நிமிடத்தில் அடுக்கிக் காட்டியிருந்தது. வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, நாலு பேராகச் சேர்ந்து கத்திச் சிரித்துப் பயந்துவிட்டு வரலாம் என்று போனவர்களுக்குக் கிடைத்தது, 17-ம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ஒரு குடும்பத்தின் ஜெபமும் சண்டையும். வசனமே புரியவில்லை, சப்டைட்டில் போட்டிருக்கலாம் என்பது அமெரிக்கர்களே சொன்ன புகார். ஒன்றுமே நடக்கவில்லை, இருட்டாக இருக்கிறது, முடிவு என்ன சொல்கிறது என்று தெரியவில்லை என்பவை மற்ற புகார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பிரியாணி என்று போர்டு போட்டு வேறொன்றைப் பரிமாறியவர்தான் அதற்குப் பொறுப்பு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 'தி விட்ச்' ஓடும் நேரம் 92 நிமிடம். ஏ மைனஸ் வாங்கிய 'தி கான்ஜுரிங்' அதைவிட 20 நிமிடம் அதிகம். ஆனால் யாரும் 'கான்ஜுரிங்'கை இழுவை என்று சொல்லவில்லை. கடிகாரத்துக்கும் இழுவைக்கும் சம்பந்தம் குறைவு. அடுத்து எப்போது என்ன வரும் என்ற தாளம் பார்வையாளருக்குப் பிடிபட்டால் நேரம் போவது தெரியாது. பிடிபடாவிட்டால் பத்து நிமிடமே பாரம்.

ஏமாற்றிய டிரெய்லர் என்று பேசும்போது நம்மூர்ச் சம்பந்தம் உள்ள ஒருவரை விட்டுவிட முடியாது. மாஹேயில் பிறந்து, ஃபிலடெல்ஃபியாவில் வளர்ந்த மனோஜ் நைட் ஷியாமளன். அப்பா மலையாளி, அம்மா தமிழர். அவருடைய 'தி வில்லேஜ்' 2004 ஜூலையில் வந்தபோது, காட்டுக்குள் வாழும் ராட்சத மிருகங்களின் படம் என்றுதான் விற்றார்கள். முதல் வார இறுதியில் ஐந்து கோடி டாலர் கொட்டியது. உள்ளே இருந்ததோ, ரோஜர் டீக்கின்ஸின் ஒளிப்பதிவில் மஞ்சள் அங்கியும் பழுப்பு வயலுமாக ஓவியம் மாதிரி ஒரு மெதுவான காதல் கதை. அட்டையில் சி. அடுத்த வாரமே வசூல் மூன்றில் ஒரு பங்காகச் சுருண்டது. இன்று அதே படத்தை மிருகத்தை எதிர்பார்க்காமல் பார்க்கிறவர்கள் அவருடைய மிக அழகான படம் என்கிறார்கள். படம் அதேதான், எதிர்பார்ப்பு மட்டும் கழன்றுவிட்டது.

பஸ் வந்த கதை

திடுக்கிட வைக்கும் பயத்துக்கு வரலாறு இருக்கிறது. 1942-ல் ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவுக்காக வால் லூட்டன் தயாரித்து, ஜாக் டூர்னர் இயக்கிய 'கேட் பீப்பிள்'. ராத்திரியில் ஒரு பெண் பூங்காச் சுவரை ஒட்டித் தனியாக நடக்கிறாள். பின்னால் இன்னொரு செருப்புச் சத்தம். திடீரென்று அது நின்றுவிடுகிறது. அவள் நடையைக் கூட்டுகிறாள், திரும்பிப் பார்க்கிறாள். சிறுத்தை உறுமுவது போல ஒரு சத்தத்தோடு திரைக்குள் பாய்ந்து வருவது... பஸ்! பிரேக் போட்ட சத்தம்தான் அது. அன்று தியேட்டரே துள்ளியது. அமைதியை இழுத்து, சட்டென்று சத்தத்தால் உடைக்கும் இந்த உத்தியைச் சினிமாக்காரர்கள் இன்றும் 'லூட்டன் பஸ்' என்றே சொல்கிறார்கள்.

இந்த உத்தி உடம்போடு நேராகப் பேசுவது. சத்தம் கேட்டதும் கண் சிமிட்டும், தோள் தூக்கிக்கொள்ளும், மூளை யோசிக்கும் முன்பே எல்லாம் முடிந்துவிடும். அடுத்த நொடி பக்கத்து சீட்டுக்காரனைப் பார்த்துச் சிரிப்போம். அந்தச் சிரிப்புதான் விஷயம். பயம் வந்த கையோடு இறங்கியும்விடுகிறது. ஏறுவதும் இறங்குவதுமாக இரண்டு மணி நேரம் போய்விடும்.

மெதுவான படம் இந்த இறக்கத்தைத் தர மறுக்கிறது. 1961-ல் இங்கிலாந்தில் ஜாக் கிளேட்டன் எடுத்த 'தி இன்னசன்ட்ஸ்' இந்த வகைக்குப் பாடப் புத்தகம். அகலத்திரையில்தான் எடுக்க வேண்டும் என்பது ஸ்டுடியோவின் கட்டளை. இவ்வளவு பெரிய திரையில் எப்படிப் பயத்தை ஒடுக்கி வைப்பது? ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி ஃபிரான்சிஸ், லென்ஸுக்கு முன் வைக்கும் ஃபில்டர்களின் ஓரங்களில் சாயம் தீட்டி, திரையின் இரு பக்கமும் இருட்டு கவிந்திருப்பது போலச் செய்தார். நடுவில் முகம் தெரிகிறது, ஓரத்தில் ஏதாவது இருக்கலாம். இருக்கிறதா இல்லையா என்று பார்வையாளரின் கண்தான் தேட வேண்டும். ஒரு காட்சியில் பட்டப்பகலில், ஏரிக்கு அக்கரையில் நாணல் புதருக்கு நடுவே கறுப்பு உடையில் ஒரு பெண் நிற்கிறாள். அவ்வளவுதான். நிற்கிறாள்.

இந்த இடத்தில் சிலருக்கு முதுகுத்தண்டு சில்லிடும். சிலர், "சரி, அப்புறம்?" என்பார்கள். இருவருமே திரையைச் சரியாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் இரண்டாமவருக்குப் பதற்றம் இறங்க வழியில்லாததால், அவரே வழி செய்துகொள்கிறார். கமென்ட் அடிக்கிறார், பாப்கார்ன் பையைக் கசக்குகிறார், போனை எடுக்கிறார். மெதுவான பேய்ப்படம் ஓடும் அரங்கில் கேட்கும் சிரிப்பில் பாதி கிண்டல், பாதி தற்காப்பு.

'ஹெரெடிட்டரி' இதற்கு நல்ல உதாரணம். அண்ணன் கார் ஓட்டுகிறான். பின் சீட்டில் தங்கைக்கு அலர்ஜியில் மூச்சு முட்டுகிறது. வழியில் நடக்கும் விபத்தை நாம் கண நேரம்தான் பார்க்கிறோம். அதன் பிறகு கேமரா அண்ணனின் முகத்தைவிட்டு நகர மறுக்கிறது. அவன் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை. மெதுவாகக் காரை வீட்டுக்கு ஓட்டிவருகிறான். யாரிடமும் எதுவும் சொல்லாமல் போய்ப் படுக்கிறான். விடிகிறது. அவன் கண் திறந்தபடி கிடக்கிறான். வெளியே அம்மா காரை எடுக்கப் போகும் சத்தம், அப்புறம் அவளுடைய அலறல். அந்த அலறலும் நமக்குக் காதில்தான், திரையில் அவன் முகம். இந்தச் சில நிமிடங்களில் தியேட்டர்கள் பேச்சு மூச்சற்றுப் போனதைப் படத்தைத் திட்டியவர்கள்கூட ஒப்புக்கொண்டார்கள்.

இன்னொரு ஷாட். பையன் நடு இரவில் விழித்துக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறான். அறை இருட்டு. அவனுக்குப் பின்னால், கூரையும் சுவரும் சேரும் மூலையில் அம்மா பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறாள். இசை அதைச் சுட்டிக்காட்டுவதில்லை, கேமராவும் அங்கே நகர்வதில்லை. கண் பழகினால்தான் தெரியும். ஒரு வரிசையில் ஒருவர் முதலில் கண்டுபிடித்து மூச்சை இழுக்க, அதைக் கேட்டு அடுத்தவர் தேட, அரங்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பதற்றம் பரவியதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். கடைசிவரை கண்டுபிடிக்காதவர்களுக்கு அது ஒரு பையன் சும்மா உட்கார்ந்திருக்கும் ஷாட். ஒரே படம், ஒரே காட்சி, பக்கத்துப் பக்கத்து சீட். ஒருவருக்கு ஏ, இன்னொருவருக்கு டி.

படத்தில் அந்தச் சிறுமி நாக்கை மேலண்ணத்தில் தட்டி 'டொக்' என்று ஒலி எழுப்புவாள். சில அரங்குகளில் முக்கியமான அமைதியில் யாரோ ஒரு குறும்புக்காரர் அதே ஒலியை எழுப்பிப் பீதியைக் கிளப்பிய கதைகளும் உண்டு. தற்காப்பு பல ரூபத்தில் வரும்.

டி பிளஸ் வாங்கிய படம் உலகம் முழுக்க எட்டு கோடி டாலருக்குக் குறையாமல் வசூலித்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். செலவு ஒரு கோடி. பிடிக்கவில்லை என்று சொன்னவர்களும் நாலு பேரிடம் சொன்னார்கள். கேட்டவர்கள் அப்படி என்னதான் இருக்கிறது பார்க்கலாம் என்று போனார்கள்.

குப்ரிக்கும் வாங்கினார்

'தி ஷைனிங்' இன்று எந்தப் பட்டியல் போட்டாலும் முன்வரிசையில் வரும் பேய்ப்படம். 1980 மே மாதம் வெளியானபோது நிலைமை வேறு. ஸ்டான்லி குப்ரிக் படத்தை ரிலீஸ் செய்த பிறகும் திருப்தி இல்லாமல், கடைசியில் வரும் ஆஸ்பத்திரிக் காட்சியை நீக்கச் சொன்னார். ஓடிக்கொண்டிருந்த பிரிண்டுகளிலிருந்து ஆபரேட்டர்கள் அந்தத் துண்டை வெட்டி ஸ்டுடியோவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஐரோப்பாவுக்குப் போனபோது இன்னும் 25 நிமிடம் போல வெட்டினார். முக்கியமான விமர்சகர்கள் கைவிரித்தார்கள். கதையை எழுதிய ஸ்டீபன் கிங்குக்கே படம் பிடிக்கவில்லை. மோசமான படங்களுக்குக் கேலியாக வழங்கும் ராஸி விருதுகள் அந்த ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கின. முதல் பட்டியலிலேயே மோசமான இயக்குநருக்குக் குப்ரிக் பெயரும், மோசமான நடிகைக்கு ஷெல்லி டுவாலின் பெயரும் இருந்தன. டுவாலின் பெயரை ராஸிக்காரர்கள் 2022-ல், அதாவது நாற்பது வருஷம் கழித்து, வாபஸ் வாங்கினார்கள். 2018-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 'தி ஷைனிங்'கைச் சேர்த்தது.

அன்றைய பார்வையாளர்களின் குழப்பத்தையும் புரிந்துகொள்ள முடிகிறது. அதற்கு ஏழு வருஷம் முன்புதான் 'எக்ஸார்சிஸ்ட்' வந்து தியேட்டரில் ஆட்களை மயங்கி விழ வைத்திருந்தது. இங்கேயோ மூன்று சக்கர சைக்கிளில் ஒரு பையன் ஹோட்டல் தாழ்வாரங்களைச் சுற்றிக்கொண்டே இருக்கிறான். மரத்தரையில் சக்கரம் ஓடினால் கடகடவென்ற சத்தம், கம்பளத்தில் ஏறினால் சத்தமே இல்லை, மறுபடி மரத்தரை, மறுபடி சத்தம். அப்போது புதிதாக வந்திருந்த ஸ்டெடிகேமை, அதைக் கண்டுபிடித்த காரெட் பிரௌனையே இயக்க வைத்துத் தரையோடு தரையாகப் பின்தொடர வைத்தார் குப்ரிக். இன்று அந்த சைக்கிள் ஓட்டத்தை உலகம் முழுக்க ஃபிலிம் பள்ளிகளில் போட்டுக் காட்டுகிறார்கள். 1980-ல் கொட்டாவி விட்டவர்களின் பேரப் பிள்ளைகள் நோட்டு எடுத்துக்கொள்கிறார்கள்.

கம்பளமும் சுவரும்

இந்த இழுபறியின் உச்சம் ஒன்று இருக்கிறது: 'ஸ்கினமாரிங்க்'. கனடாவின் எட்மன்டன் நகரைச் சேர்ந்த கைல் எட்வர்ட் பால், யூடியூபில் ஒரு சேனல் நடத்திவந்தார். உங்களுக்கு வந்த கெட்ட கனவுகளை எழுதி அனுப்புங்கள் என்பார், வந்தவற்றைச் சின்னச் சின்னப் படங்களாக எடுப்பார். பெற்றோர் காணாமல் போன வீட்டில் குழந்தை தனியாக இருப்பது பலருக்கும் வந்த கனவு. அதையே முழுப் படமாக்கினார். செலவு 15,000 டாலர். லொக்கேஷன், அவர் வளர்ந்த வீடு.

100 நிமிடப் படம். 1995-ல் ஒரு ராத்திரி இரண்டு குழந்தைகள் விழிக்கிறார்கள். அப்பா இல்லை. கதவும் ஜன்னலும் ஒவ்வொன்றாக மறைகின்றன. குழந்தைகளின் முகத்தைப் படம் கிட்டத்தட்டக் காட்டுவதே இல்லை. கூரை மூலை, கம்பளத்தில் கிடக்கும் பொம்மைச் செங்கற்கள், டிவியில் ஓடும் பழைய கார்ட்டூனின் நீல வெளிச்சம், கொதிக்கும் புள்ளிகளாக ஃபிலிமின் மணல் போன்ற துகள்கள். அதை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் இல்லாத உருவங்கள் தெரியத் தொடங்கும்.

2023 ஜனவரியில் அமெரிக்கத் தியேட்டர்களில் வெளியாகி சுமார் 20 லட்சம் டாலர் வசூலித்தது. பதினைந்தாயிரத்துக்கு அது எத்தனை மடங்கு என்று வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் பார்த்தவர்கள் இரண்டு கட்சி. சின்ன வயதில் பாத்ரூம் போக எழுந்து இருட்டுத் தாழ்வாரத்தில் உறைந்து நின்ற ஞாபகம் வந்து, படம் முடிந்தும் தூக்கம் வரவில்லை என்றது ஒரு கட்சி. ஒன்றரை மணி நேரம் சுவரைப் பார்க்க டிக்கெட் எதற்கு, என் வீட்டிலேயே சுவர் இருக்கிறதே என்றது மற்றது. இரண்டாவது கட்சியின் வாதத்துக்குப் பதில் சொல்வது கஷ்டம். இதை நள்ளிரவில் தனியாக, விளக்கணைத்துப் பார்த்தால் ஒரு படம். மத்தியானம் போனில், நடுவில் இரண்டு கால் பேசிக்கொண்டு பார்த்தால் வேறு படம். இந்த வகைப் படங்களுக்கு அரங்கின் இருட்டும் ஒரு நடிகர்தான்.

நம் பக்கம்

இந்தியத் தியேட்டரில் மெதுவான பேய்ப்படத்துக்கு இன்னும் இரண்டு எதிரிகள். ஒன்று இடைவேளை. ஒரு மணி நேரமாகச் சேர்த்துவைத்த இருட்டை டியூப் லைட்டைப் போட்டுக் கலைத்து, சமோசா தின்னச் சொல்வது. இன்னொன்று, யாராவது சிகரெட்டைப் பற்றவைத்தால் திரையின் கீழே முளைக்கும் எச்சரிக்கை வாசகம். சட்டம் அவசியம்தான், மறுக்கவில்லை. ஆனால் கஷ்டப்பட்டு இருட்டாக்கிய சட்டகத்தில் பளிச்சென்று தெரிவது அந்த வெள்ளை எழுத்து மட்டுமே.

இதையெல்லாம் மீறி வென்ற கதை 'தும்பாட்'. ராஹி அனில் பர்வே இயக்கி, சோஹம் ஷா நடித்துத் தயாரித்த இந்திப் படம். மகாராஷ்டிரத்தின் ஓயாத மழை, இடிந்த 'வாடா' எனும் பழங்கால மாளிகை, கருப்பை போலச் சுவர் துடிக்கும் கிணறு, அதற்குள் பசித்த ஒரு சாமி. மழைக்காலத்துக்காகக் காத்திருந்து காத்திருந்து, படம் முடிய ஆறு வருஷம் இழுத்தது. பங்கஜ் குமாரின் ஒளிப்பதிவுக்கு ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. 2018-ல் வெனிஸ் விழாவின் விமர்சகர் வாரம் இந்தப் படத்தோடுதான் தொடங்கியது. அக்டோபரில் தியேட்டருக்கு வந்தது. சுமாராக ஓடிப் போய்விட்டது.

பிறகு ஓடிடியில் பார்த்தவர்கள் பேச ஆரம்பித்தார்கள். 2024 செப்டம்பர் 13-ல் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுவந்தபோது, முதல் முறை வசூலானதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வந்தது. வீட்டில் பார்த்துவிட்டோமே என்று யாரும் நினைக்கவில்லை. அந்த மழையைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும் என்றே வந்தார்கள்.

'பிரமயுகம்' எடுத்த வழி நேர்வழி. ராகுல் சதாசிவன் இயக்கிய இந்த மலையாளப் படம் 2024 பிப்ரவரியில் வந்தது. முழுக்கக் கறுப்பு வெள்ளை என்பதை மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். பாழடைந்த மனை, விடாத மழை, மூன்றே மூன்று முக்கியப் பாத்திரங்கள், பகடை ஆட்டம். சாய்வு நாற்காலியில் மம்மூட்டி. அவர் சிரித்தால் போதும், பேய் எப்ப வரும் என்று யாரும் கேட்கவில்லை. டிக்கெட் வாங்கியவர்களுக்கு என்ன வாங்குகிறோம் என்று தெரிந்திருந்தது, படமும் நன்றாக ஓடியது. நட்சத்திரத்தின் பெயர் கூட்டத்தை உள்ளே கொண்டுவந்தது என்று சொல்லலாம்தான். ஆனால் இரண்டேகால் மணி நேரம் உட்கார வைக்க அது மட்டும் போதாது.

எகர்ஸுக்கும் இப்படி என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வரும் கூட்டம் மெல்ல மெல்லச் சேர்ந்தது. 'தி விட்ச்'சுக்குப் பிறகு கறுப்பு வெள்ளையில், கிட்டத்தட்டச் சதுரமான திரையில் 'தி லைட்ஹவுஸ்' எடுத்தார். வைக்கிங் கதை ஒன்று எடுத்தார். 2024 கிறிஸ்துமஸ் அன்று 'நோஸ்ஃபெராட்டு' வந்தது. செலவு ஐந்து கோடி டாலர், ஓடும் நேரம் 132 நிமிடம். அதே ஜாரின் பிளாஷ்கே, அதே மெழுகுவத்தி வெளிச்சம், நிலவொளியில் சாம்பல் பூசிய தெருக்கள், அதே பழைய பாணிப் பேச்சு. 'தி விட்ச்'சை விட வேகமான படம் என்று யாரும் சொல்ல முடியாது. சினிமாஸ்கோர் அட்டையில் பி மைனஸ் விழுந்தது, உலக வசூல் 18 கோடி டாலரைத் தொட்டது, ஒளிப்பதிவு உட்பட நாலு ஆஸ்கர் நாமினேஷன் வந்தது. இந்த முறை வந்தவர்களில் பலருக்கு எகர்ஸ் யார் என்று தெரியும்.

புகார் இல்லாமல் இல்லை. இருட்டு, நீளம் என்ற பழைய முணுமுணுப்பு இருந்தது. ஆனால் படம் முடிந்து வெளியே வந்தவர்கள் அதிகம் அடித்துக்கொண்டது வேறொன்றுக்காக: ரத்தக்காட்டேரிக்கு எதற்கு இவ்வளவு பெரிய மீசை? டிரான்சில்வேனியாவின் அந்தக் காலத்துப் பிரபு ஒருவன் மீசை இல்லாமல் இருந்திருக்கவே மாட்டான் என்று எகர்ஸ் பேட்டிக்குப் பேட்டி விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார்.